பாதி விதியை வைத்துப் போடும் வேலைக் கணக்கு

கணக்கெடுக்க வந்தவர் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே கேட்கிறார்: "நீங்க என்ன வேலைம்மா பாக்குறீங்க?" "வேலைக்கெல்லாம் போகலைங்க. வீட்ல சும்மாதான் இருக்கேன்." கிராமத்து வாசல்களில் முதலில் வரக்கூடிய பதில் இதுதான். இதை அப்படியே பதிந்துகொண்டால் அந்தப் பெண்ணுக்கு 92 என்ற குறியீடு விழும். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று பொருள். வந்தவர் விவரமானவராக இருந்து, "அடுப்புக்கு விறகு, மாட்டுக்குப் புல்லு எல்லாம் யாரு கொண்டாறது?" என்று இன்னொரு கேள்வி போட்டால், "நான்தான், வேற யாரு?" என்பார். குறியீடு 93 ஆகிவிடும்: வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் என்று காசில்லாமல் கிடைப்பதைச் சேகரித்து வருபவர். அதற்கும் மேலே போய், "உங்க வீட்டுக்காரர் வயல்ல நடவு, களையெடுப்பு?" என்று கேட்டால் அதற்கும் "நான்தான்" என்று பதில் வரலாம். இப்போது குறியீடு 21: குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் ஒத்தாசை செய்பவர். 92-ம் 93-ம் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே நிற்பவை. 21 உள்ளே, அதாவது அவர் வேலையில் இருப்பவர். பெண் அதே பெண், வாசல் அதே வாசல். கூடுதலாகக் கேட்ட இரண்டு கேள்விகள் அவரை நாட்டின் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன.

இப்படி வீடு வீடாக விழும் குறியீடுகளைக் கூட்டிப் பெருக்கித்தான் இந்தியாவின் வேலையின்மை விகிதம் பிறக்கிறது. 1972-73 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற போக்கில் நடந்துவந்த தேசிய மாதிரி ஆய்வின் இடத்தில், 2017 ஏப்ரலில் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு வந்தது. அதன் முதல் ஆண்டறிக்கைப்படி 2017-18-இல் வேலையின்மை 6.1 சதவீதம்; 2023-24-இல் அது 3.2. பெண்கள் விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரியது. 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்து 23.3 சதவீதமாக இருந்தது, ஆறே ஆண்டில் 41.7 சதவீதமாகிவிட்டது. ஆளுங்கட்சி இதைச் சாதனை என்கிறது. எதிர்க்கட்சிகள் கணக்கில் கோல்மால் என்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. களத்துக்குப் போகிறவர்கள் பொய் எழுதுவதாகச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அதே சமயம், நாட்டில் அவ்வளவு வேலை புதிதாக முளைத்துவிட்டதாகவும் நம்ப முடியாது. சிக்கல் வரையறையில் இருக்கிறது. கேள்வி எழும்போதெல்லாம் 'சர்வதேச விதிப்படிதான் கணக்கெடுக்கிறோம்' என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் பாதிதான் சரி. சர்வதேச விதியில் நமக்குத் தோதான பாதியை எடுத்துக்கொண்டோம். 2013-லேயே வந்துவிட்ட மறுபாதியை இன்னும் வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எடுத்துக்கொண்ட பாதி, எல்லோரும் கிண்டலடிக்கும் ஒரு மணி நேர விதி. கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்து எவன் குடும்பம் நடத்துவான் என்று டீக்கடையில் கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். ஆனாலும் இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கீழ் 1923 முதல் கூடிவரும் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, 1982-இல் தன் 13-ஆவது கூட்டத்தில் இதை வகுத்தபோது காரணத்தோடுதான் வகுத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் அந்த ஒரு மணி நேரத்தில் விளைந்ததும் சேர்கிறது. பொருளைக் கணக்கில் சேர்த்துவிட்டு அதைச் செய்த ஆளை விட்டுவிட்டால் இரண்டு பேரேடும் ஒத்துப்போகாது. பத்து மணி நேரம், இருபது மணி நேரம் என்று வேறு எங்கே கோடு போட்டாலும் ஏன் அங்கே என்ற கேள்வி வரத்தான் செய்யும். வேலையின்மை என்றால் வேலையே அறவே இல்லாத நிலை. வேலை இருந்தும் போதாத நிலையை 'குறைவேலை' என்று தனியாக அளக்க வேண்டும் என்பதே அந்த மாநாட்டின் ஏற்பாடு. ஒரு மணி நேரம் என்பது வாசல்படி மட்டும். உள்ளே வந்தவர் எத்தனை மணி நேரம் உழைத்தார், இன்னும் எவ்வளவு நேரம் உழைக்கத் தயாராக இருக்கிறார், என்ன சம்பாதித்தார் என்பதையெல்லாம் கூடவே சொல்லாதவரை அந்த எண் அரைகுறைதான். அமெரிக்காவில்கூட, குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுகிறவர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது உழைத்திருந்தால்தான் வேலையில் இருப்பவராகக் கொள்கிறார்கள். கூலிக்கோ சொந்தத் தொழிலில் லாபத்துக்கோ உழைக்கிறவருக்குத்தான் ஒரு மணி நேரம்.

விட்டுவிட்ட பாதிக்கு வருவோம். 2013 அக்டோபரில் ஜெனிவாவில் கூடிய 19-ஆவது மாநாடு பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது என்றே சொல்லலாம். உழைப்பு வேறு, வேலைவாய்ப்பு வேறு என்றது அது. பொருளோ சேவையோ உண்டாக்கும் எந்தச் செயலும் உழைப்பு: சமைப்பது, குழந்தை பார்ப்பது, சொந்த வயலில் சாப்பாட்டுக்கு நெல் விளைவிப்பது, கூலிக்குப் போவது, சம்பளமில்லாத பயிற்சி, தொண்டு எல்லாமே. இவற்றில் கூலிக்கோ லாபத்துக்கோ செய்யும் உழைப்புக்கு மட்டும்தான் வேலைவாய்ப்பு என்ற பெயர். விளைச்சலில் பெரும்பங்கு வீட்டுச் சோற்றுக்கே போகிறதென்றால் அந்த விவசாயி உழைப்பவர். ஆனால் வேலைவாய்ப்பு பெற்றவர் ஆகமாட்டார். அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தால் அவரை வேலையில்லாதவர் என்றும் கணக்கிடலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. விடிந்ததிலிருந்து ஓடி ஓடி உழைக்கும் பெண்தான் 'வேலைக்குப் போகலை' என்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக அவருக்கோ கேட்பவருக்கோ தோன்றுவதில்லை. வேலைக்குப் போவதென்றால் காசு வரும் வேலைக்குப் போவது என்பது பேச்சு வழக்கிலேயே தெளிவாக இருக்கிறது. புள்ளியியல் அறிஞர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர 2013 வரை ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

உழைப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் இடையே இப்படி ஒரு வேலி இந்தியக் கணக்கில் கிடையாது. வயல், தோட்டம், கால்நடை, மீன்பிடிப்பு போன்ற முதல்நிலை உற்பத்தியை வீட்டுத் தேவைக்கு மட்டுமே செய்தாலும் அது இங்கே பொருளாதார நடவடிக்கை. செய்கிறவர் வேலையில் இருப்பவர். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. செய்தித்தாள் தலைப்பில் வரும் 3.2 சதவீதம் வாரக் கணக்கே இல்லை. அது 'வழக்கமான நிலை' என்ற ஆண்டுக் கணக்கு. 365 நாளில் பெரும்பகுதி ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். பெரும்பகுதி நாள் வேலை பார்க்கவில்லை என்றாலும், ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ துணைத் தொழிலாக எதையாவது செய்திருந்தால் அவரையும் வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்வார்கள். அறுவடைக் காலத்தில் ஒரு மாதம் வயலில் இறங்கிவிட்டுப் பதினோரு மாதம் வேலைக்கு அலைந்தவரும் இந்தக் கணக்கில் வேலையில்லாதவர் ஆகமாட்டார். இது நம் நாட்டு ஏற்பாடு. சர்வதேச வழக்கம் ஒரு வாரம் அல்லது ஏழு நாளை அடிப்படையாகக் கொண்டது. அந்த வாரக் கணக்கில் அதே 2023-24-க்கான விகிதம் 4.9. ஒரே கணக்கெடுப்பு, ஒரே வீடுகள், இரண்டு விடைகள். அரசியல் மேடைக்குப் போவது சின்ன எண். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை தேடாமல், கிடைத்தால் போகத் தயார் என்று மட்டும் சொல்கிறவரையும் நம் வாரக் கணக்கு வேலையில்லாதவராகவே எடுத்துக்கொள்கிறது. சர்வதேச விதி அவரைத் தனியாக வைக்கிறது. ஆக, நம் வரையறை சில இடத்தில் இறுக்கம், சில இடத்தில் தளர்வு. சதி என்று சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. காலம் காலமாக ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டது. அதை அணிந்துகொண்டு சர்வதேசத் தையல் என்று சொல்வதுதான் உறுத்துகிறது.

வேலி இல்லாததால் என்ன நடக்கிறது என்பதைப் பெண்களின் எண்ணிலேயே பார்க்கலாம். கிராமப்புறப் பெண்களில் உழைப்பாளர் படையில் இருப்போர் 24.6 சதவீதத்திலிருந்து 47.6 சதவீதமாகக் கூடினார்கள். எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? ஆலைக்கோ அலுவலகத்துக்கோ இல்லை. வேலை பார்க்கும் கிராமப்புறப் பெண்களில் விவசாயத்தில் இருப்போர் பங்கு 73 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 77 சதவீதமாகக் கூடியது. வேலை பார்க்கும் பெண்களில் சுயதொழில் என்ற தலைப்பில் வருவோர் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதம் ஆனார்கள். சுயதொழில் என்றதும் கடை, தையல், அழகு நிலையம் என்று மனம் போகும். ஆனால் இந்தத் தலைப்புக்குள்தான் 21 என்ற குறியீடும் ஒளிந்திருக்கிறது: ஊதியமில்லாத குடும்ப உதவியாளர். 2017-18-இல் வேலை பார்க்கும் பெண்களில் 31.7 சதவீதம் இந்த வகை; 2023-24-இல் 36.7 சதவீதம். அதாவது, இந்தியாவில் வேலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கையில் காசு வாங்காதவர். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 2013 விதியும் 21 குறியீட்டை ஒட்டுமொத்தமாக வெளியே தள்ளிவிடாது. கணவரின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காரும் பெண் சம்பளம் வாங்காவிட்டாலும் குடும்ப லாபத்துக்கு உழைப்பதால் வேலைவாய்ப்புக் கணக்கில்தான் இருப்பார். விளைந்தது சந்தைக்குப் போகாமல் வீட்டுக் குதிருக்கே போகும் வயலில் களையெடுப்பவர்தான் வேறு தலைப்புக்கு மாறுவார். இந்த இருவரில் யார் எத்தனை பேர் என்று நம் தலைப்பு எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆறாண்டு உயர்வில் உண்மையான சம்பாத்தியம் எவ்வளவு, கொரோனாவுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் வயலுக்குத் திரும்பியது எவ்வளவு, கணக்கெடுப்பவர் நன்றாகத் துருவிக் கேட்கப் பழகியது எவ்வளவு என்பதைப் பிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருக்கிறோம்.

மாநிலங்களை ஒப்பிட்டால் விசித்திரம் இன்னும் கூடும். 2023-24-இல் வேலையின்மை கேரளத்தில் 7.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5, ஜார்க்கண்டில் 1.3, மத்தியப் பிரதேசத்தில் 1.0. இந்த வரிசையை நம்பி வேலை தேடுகிறவர் ரயிலேறுவதாக இருந்தால் போபாலுக்கோ ராஞ்சிக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் ஆட்கள் நிரம்பி வழியும் ரயில்கள் வடக்கிலிருந்து திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும்தான் வருகின்றன. படித்துவிட்டுத் தனக்கேற்ற வேலைக்காக இரண்டு வருடம் காத்திருக்கக் குடும்பத்தில் வசதி இருக்கிறவர்தான் வேலையில்லாதவர் என்று பதிவாகிறார். அந்த வசதி இல்லாதவர் அகப்பட்டதைச் செய்கிறார். வேலையில் இருப்பவர் ஆகிறார். வறுமை கூடிய இடத்தில் வேலையின்மை குறைந்து தெரியும் இந்த நோயை 1970-லேயே கண்டுபிடித்து எழுதியவர்கள் இந்தியர்களே. எம்.எல்.தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு, இந்தியா போன்ற பொருளாதாரத்தில் வேலையின்மையை ஒற்றை எண்ணாகச் சொல்வது பயன்படாது என்று அறிக்கை தந்தது. அதன் வழியில்தான் ஆண்டு நிலை, வார நிலை, நாள் நிலை என்று மூன்று அளவுகள் வந்தன. நாள் நிலை என்பது ஏழு நாளையும் அரை நாள் அரை நாளாகப் பிரித்து எத்தனை அரை நாள் வேலை இருந்தது என்று பார்ப்பது. அன்றாடக் கூலிக்காரரின் வாழ்க்கைக்கு மிக அருகில் போன அளவு அதுதான். 2011-12-இல் ஆண்டு நிலைப்படி வேலையின்மை 2.2 சதவீதம் என்றபோது, நாள் நிலைப்படி 5.6. புதிய கணக்கெடுப்பின் அறிக்கைகளில் அந்த மூன்றாவது அளவு இல்லை. ஏழு நாளும் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்ற விவரத்தை இப்போதும் கேட்டு வாங்குகிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

சர்வதேச விதி என்பது வெறும் யோசனைதானே, அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா என்று கேட்கலாம். மாநாட்டுத் தீர்மானங்கள் எந்த நாட்டையும் கட்டுப்படுத்துவதில்லை என்பது சரி. ஆனால் 1985-ஆம் ஆண்டின் 160-ஆவது உடன்படிக்கை, தொழிலாளர் புள்ளிவிவரம் பற்றியது, தீர்மானத்தை விடக் கனமானது. அதை இந்தியா 1992-இல் ஏற்றுக் கையெழுத்திட்டது. உழைப்பாளர் படையின் அமைப்பும் பரவலும் பற்றிய 8-ஆவது பிரிவுக்கு மட்டும் பொறுப்பேற்றது. அந்த உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவு, வரையறைகளையும் முறைகளையும் உருவாக்கும்போதும் திருத்தும்போதும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் ஆகப் புதிய தரங்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. 'ஆகப் புதிய' என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. 1982-ஐக் காட்டி 2013-ஐத் தள்ளிப்போட அதில் இடமில்லை. அதே உடன்படிக்கை, இந்த வரையறைகளை அமைக்கும்போது முதலாளிகள், தொழிலாளர்கள் இரு தரப்பு அமைப்புகளையும் கலந்துபேச வேண்டும் என்றும் சொல்கிறது. நம் தொழிற்சங்கங்களும் இதைக் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஊதிய உயர்வுக்குப் போராடும் வேகத்தில் பாதியாவது வரையறைக்கும் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த மாற்றத்துக்கு எதிரான மிக வலுவான வாதம் அரசிடமிருந்து வரவில்லை. பெண்ணுரிமைப் பொருளாதார அறிஞர்களிடமிருந்து வருகிறது. அதை இரண்டு வரியில் ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. 1970-களில் தேவகி ஜெயின் போன்றவர்கள் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் கிராமப் பெண்கள் ஒரு நாளைய நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்து, 'சும்மா இருப்பதாக'ச் சொல்லப்பட்டவர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். இளா பட் தலைமையிலான ஆணையம் 1988-இல் தந்த 'ஸ்ரமசக்தி' அறிக்கை, கணக்கில் வராத பெண்களின் உழைப்பை அரசின் மேசையில் கொண்டுபோய் வைத்தது. இவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த பெண்ணை, சோற்றுக்கு நெல் விளைவிக்கிறாள் என்பதற்காக மறுபடி வெளியே அனுப்புவதா என்று அவர்கள் கேட்கிறார்கள். கணக்கில் இல்லாத பெண் விவசாயிக்குக் கடனும் இல்லை, விதையும் இல்லை, நிவாரணமும் இல்லை என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. இந்த அச்சம் நியாயமானது. ஆனால் இப்போதைய ஏற்பாடு அவரை எந்த அளவுக்குக் காட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். 92-ம் 93-ம் வாங்கிய பெண் இன்றைக்கும் வெளியில்தான் நிற்கிறார். விறகு பொறுக்கியதும் குடும்பத்துக்குத் துணி தைத்ததும் இன்றைக்கும் உழைப்பாளர் கணக்குக்கு அப்பால்தான். 21 வாங்கிய பெண்ணோ சம்பளத்துக்குப் போகும் பெண்ணோடு ஒரே எண்ணாகக் கலந்து, 'பெண்கள் வேலைவாய்ப்பு பெருகிவிட்டது' என்ற முழக்கத்துக்குப் பயன்படுகிறார். அவருக்கு வருமானம் இல்லை என்பதை அந்த முழக்கம் மறைத்துவிடுகிறது. இதுவும் ஒருவகையில் அவரைக் காணாமல் அடிப்பதுதான்.

2013 விதி அவரை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. அவருக்கென்று ஒரு தனிப் பத்தி கேட்கிறது. சொந்தத் தேவைக்கான உற்பத்தி என்ற தலைப்பில் சமையலும் பராமரிப்பும் விறகும் நெல்லும் ஒன்றாக வரவேண்டும், அவற்றின் நேரம் அளக்கப்பட வேண்டும், அந்த எண் வேலைவாய்ப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும் என்கிறது. அதற்கான பொருள் நம்மிடம் தயாராக இருக்கிறது. 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் நடந்தன. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுவதாக 2024-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். இந்த எண் ஒரு நாள் செய்தியாக வந்துவிட்டுப் போய்விடுகிறது. வேலைவாய்ப்பு அறிக்கையின் பக்கங்களில் அது இடம்பெறுவதில்லை. இரண்டும் அக்கம்பக்கமாக இருந்தால் அந்தப் பெண் ஏன் காசு வரும் வேலைக்குப் போக முடியவில்லை என்பது படிக்கிறவருக்குத் தானே விளங்கும். கடனும் விதையும் கிடைக்க வேண்டிய விவசாயி என்ற அடையாளத்துக்கு நிலப் பட்டாவும் விவசாயிகள் பதிவேடும்தான் வேண்டும். மாதிரிக் கணக்கெடுப்பில் அவருக்கு எந்தக் குறியீடு விழுந்தது என்று பார்த்து எந்த வங்கியும் கடன் தருவதில்லை.

அடுத்த ஆட்சேபம், வரையறையை மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பது. ருவாண்டா புதிய வரையறைக்கு மாறியபோது ஒற்றை இலக்கத்தில் இருந்த வேலையின்மை விகிதம் இரட்டை இலக்கத்துக்குப் போனது. பொருளாதாரம் ஒரே இரவில் சரிந்துவிடவில்லை. சோற்றுக்கு மட்டும் விளைவித்தவர்கள் வேறு தலைப்புக்கு மாறினார்கள். இப்படி ஒரு தாவலை விளக்கிச் சொல்வது எந்த அமைச்சருக்கும் சங்கடமே. ஆனால் தீர்வு பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. வங்கதேசப் புள்ளியியல் துறை 13-ஆவது மாநாட்டு வரையறையில் ஒன்று, 19-ஆவது மாநாட்டு வரையறையில் ஒன்று என இரண்டு கணக்கையும் வெளியிடத் தொடங்கிவிட்டது. பழைய தொடர் அறுபடவில்லை, புதியதும் தொடங்கிவிட்டது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? கள ஆட்களுக்கு எத்தனை முறை பயிற்சி கொடுப்பது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து மாதிரி அமைப்பையே மாற்றி, 22,692 கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் எடுத்துக்கொண்டு, சுமார் 2.72 லட்சம் வீடுகளில் கணக்கெடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய மாற்றத்தைச் சமாளித்தவர்களுக்கு, 'விளைந்ததில் பெரும்பங்கு விற்கவா, வீட்டுக்கா?' என்ற பதிலை வைத்து எண்களைப் பிரித்துக் காட்டுவது பெரிய பாரமாக இருக்க முடியாது.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நடைமுறையில் தடை போடுவதில் மற்ற இரண்டையும்விட வலு அதற்குத்தான்: எண் கெட்டதாக வந்தால் ஆட்சிக்குக் கெட்ட பெயர். 2017-18 அறிக்கை உரிய நேரத்தில் வெளிவராததையொட்டி, 2019 ஜனவரியில் தேசிய புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகினார்கள். சில நாளில் எண்கள் பத்திரிகையில் கசிந்தன. அறிக்கை அதிகாரபூர்வமாக வெளியானது மே 31 அன்று. தேர்தல் முடிந்து புதிய அரசு பொறுப்பேற்றதற்கு மறுநாள். இது இந்தியாவின் தனி நோய் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டதும் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். மாணவர்களை நீக்கிவிட்டுப் புதிய முறையில் மறுபடி தொடங்கியபோது 2023 டிசம்பருக்கு 14.9 என்று வந்தது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 1 அன்று, மே, ஜூன் மாத எண்கள் 2,58,000 வேலைகள் அளவுக்குக் கீழே திருத்தப்பட்டதும், தொழிலாளர் புள்ளியியல் துறைத் தலைவர் எரிகா மெக்கென்டார்ஃபரை டிரம்ப் வேலையிலிருந்து நீக்கினார். கூடுதல் விவரம் வந்ததும் பழைய எண்ணைத் திருத்துவதுதான் அந்தத் துறையின் வேலை. வேலையைச் செய்ததற்கு வேலை போயிற்று. திருத்தினால் பதவி போகும் என்றால் எந்த அதிகாரி திருத்துவார்? விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெளியிடும் தேதி அமைச்சரின் கையில் இல்லை என்ற உறுதி வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதிகளை அறிவித்துவிட்டு, எண் எப்படி வந்தாலும் அன்று வெளியிட்டே தீருவது என்ற வழக்கம் அதில் ஒரு பகுதிதான். மறுபகுதி, எதைத் தலைப்பு எண்ணாகச் சொல்வது என்பதைப் புள்ளியியல் ஆணையம் முடிவு செய்வது. அந்த ஆணையத்துக்கு இன்றுவரை சட்ட அதிகாரம் கிடையாது. மோகனன் விலகியபோதும் இல்லை.

2025 மே முதல் வேலையின்மை எண் மாதாமாதம் வருகிறது. ஏப்ரலுக்கு 5.1, மே மாதத்துக்கு 5.6 என்று முதல் இரண்டு எண்கள் வந்தபோதே அரை சதவீத உயர்வைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் தொடங்கிவிட்டன. அறுவடை முடிந்து வயலில் ஆளுக்கு வேலை குறையும் மாதத்தில் விகிதம் ஏறுவது இயல்பு. ஆண்டுக்கு ஆண்டு இப்படி வந்துபோகும் பருவ ஏற்றஇறக்கத்தைக் கழித்துப் பார்க்கச் சில ஆண்டுத் தொடர் தேவை. அதற்குள் ஒவ்வொரு மாத எண்ணையும் தேர்தல் முடிவு மாதிரி வாசிக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிடக் கூடாது. இந்த மாத எண்கள் வாரக் கணக்கில் வருவது நல்லதுதான். சர்வதேச வழக்கத்துக்கு ஒரு படி நெருங்கியிருக்கிறோம். சொந்தச் சாப்பாட்டுக்கு விளைவிப்பவரை இங்கேயும் வேலையில் இருப்பவராகவே கொள்கிறார்கள் என்பதால் அந்தப் படியோடு நின்றிருக்கிறோம். வருங்கால வைப்பு நிதியில் மாதாமாதம் சேரும் புதிய கணக்குகளை 'புதிய வேலைகள்' என்று சொல்வது இன்னொரு குழப்பம். ஏற்கெனவே இருந்த வேலை பதிவுக்குள் வந்தாலும் அந்தப் பட்டியலில் புதிய பெயர் சேரத்தான் செய்யும்.

வரையறையைத் திருத்த இதைவிட வசதியான வேளை வாய்க்காது. விகிதங்களை ஆள் எண்ணிக்கையாக்க வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கு வேண்டும். நம்மிடம் கடைசியாக இருப்பது 2011-ஆம் ஆண்டுடையது. ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரும் கோடிக்கணக்கான வேலைகளும் இந்தக் கணக்கெடுப்பின் விகிதத்தை உத்தேச மக்கள்தொகையால் பெருக்கிக் கிடைத்தவைதான். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட புதிய கணக்கு கைக்கு வந்ததும், மாதிரிக்கான கிராமப் பட்டியலிலிருந்து பெருக்கும் எண் வரை எல்லாவற்றையும் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய தொடரில் அப்போது ஒரு முறிவு விழுவது உறுதி. அந்த முறிவோடு முறிவாகப் புதிய வரையறையிலும் ஒரு தொடரைத் தொடங்கி, இரண்டையும் சில ஆண்டுகள் பக்கம் பக்கமாக அச்சிடலாம். சாகுபடி செய்வதாகச் சொல்லும் ஒவ்வொருவரையும் விற்பனைக்கா வீட்டுக்கா என்று பிரித்துவிட்டால், 21 என்ற குறியீட்டுக்குள் இப்போது ஒன்றாகக் கிடக்கும் கல்லாப்பெட்டிப் பெண்ணும் களையெடுக்கும் பெண்ணும் தனித்தனியாகத் தெரிவார்கள். ஏழு நாள் மணிக்கணக்கு ஏற்கெனவே கையில் இருப்பதால், வேலை போதாதவர்களின் விகிதத்தைத் தலைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் போட ஒரு கூடுதல் அட்டவணை போதும்.